சின்ன உளுவையை அடையாளம் காண்பதும், புதியதென்றால் விவரிப்பதும்

காசிமேட்டில் விசைப்படகுகள் இறக்கும் கழிவு மீன் குவியல், முட்டுக்காடு உப்பங்கழியின் சேறு, ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கடலுக்குள் நீட்டிய தூண்டில் வளைவுகளின் கருங்கல் இடுக்கு என எங்கே தேடினாலும் விரல் நீளம்கூட இல்லாத உளுவை மீன்கள் அகப்படும். பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும்: பழுப்பு உடம்பு, கரும்புள்ளி, பிதுங்கிய கண். உலகில் 1,900க்கும் மேற்பட்ட உளுவைச் சிற்றினங்களுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். கையில் இருப்பது புதியது என்று சொல்ல வேண்டுமானால், அருகில் வரக்கூடிய பழைய பெயர் ஒவ்வொன்றும் ஏன் அதற்குப் பொருந்தாது என்று காட்ட வேண்டும். வேலையின் பெரும்பகுதி அதுதான். கீழே சொல்லும் ஒவ்வொரு அளவும் எண்ணிக்கையும் அதற்காகவே எடுப்பவை.

முதலில், இது உளுவைதானா?

மீனைப் புரட்டி வயிற்றைப் பாருங்கள். இடுப்புத் துடுப்புகள் இரண்டும் சேர்ந்து கிண்ணம்போல் இருந்தால் பாதி வேலை முடிந்தது. முதுகுத் துடுப்பு இரண்டாகப் பிரிந்திருக்கும். முதலாவதில் வளையக்கூடிய மெல்லிய முட்கள், பெரும்பாலும் ஆறு, இருக்கும். உடலில் பக்கக்கோடு, அதாவது பல மீன்களின் பக்கவாட்டில் ஓடி நீரின் அசைவை உணரும் கோடு, கிடையாது.

பாறை இடுக்கில் கூடவே சிக்கும் பிளென்னிகளுக்கு முதுகுத் துடுப்பு ஒரே நீளமாக ஓடும். இடுப்புத் துடுப்பு தொண்டைக்கு அருகே இரண்டு மூன்று கதிர்களாகத் தொங்கும். உளுவைக்கு நெருங்கிய உறவான எலியோட்ரிஸ் வகையறாவில் இடுப்புத் துடுப்புகள் தனித்தனியாக நிற்கும். செவுள் மூடிக்குக் கீழுள்ள சவ்வைத் தாங்கும் எலும்புக் கதிர்களும் ஆறு. உளுவைக்கு அவை ஐந்து.

இடுப்புக் கிண்ணத்தின் முன்விளிம்பில் குறுக்கே ஒரு மெல்லிய சவ்வு மடிப்பு உண்டு. பல பேரினங்களைப் பிரிப்பதே அந்த மடிப்புதான். வலையில் உரசினாலே அது கிழிந்துவிடும். கிழிந்த மீனைப் பார்த்து “மடிப்பு இல்லை” என்று எழுதினால் தவறான பேரினத்தில் போய் நிற்பீர்கள். நுண்ணோக்கியில் இரண்டு ஓரக் கதிர்களின் அடியைப் பாருங்கள். கிழிந்திருந்தால் பிசிறு தெரியும்; பிறவியிலேயே இல்லையென்றால் ஓரம் வழவழப்பாக இருக்கும். எவியோட்டா போன்ற பவளத்திட்டுக் குட்டி உளுவைகளில் இடுப்புத் துடுப்புகள் ஏறக்குறையப் பிரிந்தே இருக்கும். அவற்றை உளுவை இல்லையென்று ஒதுக்கிவிடக் கூடாது.

எங்கே, எப்படிப் பிடிப்பது

சென்னைக் கரையில் ஓத ஏற்ற இறக்கம் அமாவாசை, பௌர்ணமி நாட்களிலேயே ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். பாறைக் குட்டைகள் வெளிப்படும் நேரம் குறைவு. ஓத அட்டவணை பார்த்துப் போக வேண்டும். குட்டைக்குக் கைவலை போதும். உப்பங்கழியில் வீச்சு வலை ஓரளவு உதவும். வளைக்குள் வாழும் உளுவைகள் வலைக்கு வராது. கையால் சேற்றைத் துழாவி இறால் பிடித்துப் பறியில் போடும் இருளர் மீனவர்களுக்கு எந்த வளையில் எது இருக்கும் என்று தெரியும். அவர்களிடம் கேட்டு, அவர்கள் நேரத்துக்கு உரிய கூலியும் கொடுத்துச் சேகரிப்பதே சரி.

விசைப்படகுக் கழிவில் கிடைப்பதை ஒப்பீட்டுக்கு வைத்துக்கொள்ளலாம். ஹோலோடைப்பாக, அதாவது புதுப்பெயரைத் தாங்கும் ஒற்றை மூல மாதிரியாக, வைக்க அது உதவாது. எந்த ஆழம், எந்த இடம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. செதில் பாதி உதிர்ந்திருக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம் என்பதால் அந்த 61 நாளும் அந்த வழியும் கிடையாது. வடகிழக்குப் பருவமழையில் கழிமுகங்களின் உப்புத்தன்மை சரிந்து மீன் வகைகளும் மாறும். அதனால் ஒரே இடத்தில் கோடையில் ஒருமுறை, மழை ஓய்ந்தபின் ஒருமுறை சேகரியுங்கள்.

பழவேற்காடு சரணாலயப் பகுதி என்றால் வனத்துறை அனுமதி இல்லாமல் இறங்காதீர்கள். பவளம் சட்டப்படி பாதுகாக்கப்பட்டது. உளுவைக்காக அதை உடைக்கக் கூடாது.

மீனை வதைக்காமல் சாகடிக்க கிராம்பு எண்ணெய் நல்லது. நேரே தண்ணீரில் விட்டால் எண்ணெய் மிதக்கும். ஒரு மில்லி எண்ணெயை 9 மில்லி எத்தனாலில் கலக்கி, அதை இரண்டரை லிட்டர் கடல்நீரில் ஊற்றுங்கள். செவுள் அசைவு நின்ற பிறகும் பத்து நிமிடம் விடுங்கள்.

நிறம் போவதற்குள்

வரிசை மாறக் கூடாது: முதலில் படம், பிறகு திசு, கடைசியில் ஃபார்மலின். ஃபார்மலினில் போட்ட மீனிலிருந்து டி.என்.ஏ எடுப்பது பெரும்பாடு. நிறமும் திரும்பி வராது. உயிரோடிருக்கும்போதே சிறு கண்ணாடித் தொட்டியில் ஒரு படம் எடுத்துவிடுங்கள். கன்னத்தில் உள்ள நீலப் புள்ளிகள், துடுப்போரத்து மஞ்சள் எல்லாம் இறந்த சில நிமிடங்களில் மங்கத் தொடங்கும்.

இறந்த மீனை மெழுகுத் தட்டில் இடப்பக்கம் மேலிருக்கக் கிடத்தி, பூச்சி ஊசிகளால் துடுப்புகளை விரித்து நிறுத்துங்கள். மெல்லிய தூரிகையில் அடர் ஃபார்மலினைத் தொட்டுத் துடுப்பின் அடியில் மட்டும் தடவினால் சில நிமிடங்களில் துடுப்பு விறைத்து நிற்கும், ஊசியை எடுத்துவிடலாம். ஆழமில்லாத தட்டில் மீன் மூழ்கும் அளவு நீர் விட்டு, அளவுகோலோடு படமெடுங்கள். நீருக்கு வெளியே எடுத்தால் செதில்களின் பளபளப்பில் கோடும் புள்ளியும் மறையும்.

அளவும் படமும் எப்போதும் இடப்பக்கத்தில். ஆகவே திசுவை வலப்பக்கத்திலிருந்து எடுங்கள்: வலது மார்புத் துடுப்பு, அல்லது அரிசி மணியில் பாதியளவு தசை. 95 சதவீதத்துக்குக் குறையாத எத்தனாலில், திசுவைப்போல் பத்து மடங்கு அளவு திரவத்தில், குளிர்பதனியில் வையுங்கள். குப்பியின் எண்ணும் மீனின் எண்ணும் ஒன்றாக இருக்கட்டும். பின்னால் யாராவது டி.என்.ஏ வரிசையைச் சந்தேகித்தால், எந்த மீனிலிருந்து வந்தது என்று காட்ட அந்த எண் மட்டுமே இருக்கும்.

ஃபார்மலின் 10 சதவீதம் என்றால் கடையில் விற்கும் அடர் கரைசல் ஒரு பங்கு, கடல்நீர் ஒன்பது பங்கு. லிட்டருக்கு 3 கிராம் போராக்ஸ் சேருங்கள். இல்லையென்றால் அமிலத்தன்மை எலும்பைக் கரைக்கும். ஆனால் போராக்ஸ் கலந்த கரைசலில் மீனை மாதக்கணக்கில் விட்டால் தசை கண்ணாடிபோல் ஆகிவிடும். 50 மி.மீக்குக் குறைந்த உளுவைக்கு இரண்டு மூன்று நாள் போதும். மீனைத் தட்டையான தட்டில் நேராகக் கிடத்தி விறைக்கவிட்டுப் பிறகு குப்பிக்கு மாற்றுங்கள். குப்பிக்குள்ளேயே விறைத்த மீன் வளைந்துவிடும்; அதன் நீளத்தை யாராலும் சரியாக அளக்க முடியாது. அடுத்து ஒரு நாள் தண்ணீரை மாற்றி மாற்றி அலசி, 35, 50, 70 சதவீத எத்தனால் என நாளுக்கு ஒரு படியாக ஏற்றுங்கள். நேரே 70க்குப் போனால் சின்ன மீன் சுருங்கும்.

ஃபார்மலின் புற்றுநோய் உண்டாக்கும் பொருள். கையுறையோடு, காற்றோட்டமான ஆய்வகத்தில் மட்டும் கையாளுங்கள். எத்தனாலுக்கு அரசு உரிமம் தேவை என்பதால் கல்லூரி ஆய்வகம் வழியாக வாங்குவதே நடைமுறை.

விவரச்சீட்டைப் பென்சிலால் தடித்த பருத்திக் காகிதத்தில் எழுதிக் குப்பிக்குள் போடுங்கள். பால்பாயிண்ட் மை ஆல்கஹாலில் கரைந்துவிடும். இடம், அட்சரேகை, தீர்க்கரேகை, தேதி, ஆழம், அடித்தரை, பிடித்த விதம், பிடித்தவர் பெயர் எல்லாம் அதில் இருக்க வேண்டும்.

எண்ணுவதும் அளப்பதும்

மேசையில் வேண்டியவை ஸ்டீரியோ நுண்ணோக்கி (10 முதல் 40 மடங்கு), டிஜிட்டல் கேலிப்பர், மெல்லிய ஊசி, காற்றூதும் ரப்பர் குமிழ்.

நியம நீளம் என்பது மேல்உதட்டின் முன்முனையிலிருந்து வால் எலும்புத் தட்டின் முடிவு வரை. அந்த முடிவு எங்கே என்று தெரிய, வால் துடுப்பை மெல்லப் பக்கவாட்டில் மடக்குங்கள். தோலில் ஒரு மடிப்புக்கோடு விழும், அதுதான் எல்லை. தலை நீளத்தைச் செவுள் மூடியின் சவ்வு விளிம்பு வரை அளப்பவரும் உண்டு, மேல் இணைப்பு வரை அளப்பவரும் உண்டு. எதைச் செய்தாலும் கட்டுரையில் சொல்லிவிடுங்கள். 20 மி.மீ மீனில் கண்ணின் விட்டம் ஒன்றரை மி.மீ என்றால், 0.1 மி.மீ பிழையே கிட்டத்தட்ட 7 சதவீதம். ஆகவே 3 மி.மீக்குக் குறைந்த அளவுகளுக்குக் கேலிப்பரை விட்டு, கண்ணருகு வில்லையிலுள்ள அளவுகோலைப் பயன்படுத்துங்கள். எல்லா அளவையும் நியம நீளத்தின் சதவீதமாக மாற்றுங்கள்.

துடுப்பு எண்ணிக்கையில் வழக்கமாக வரும் தவறு கடைசிக் கதிரில்தான். இரண்டாம் முதுகுத் துடுப்பிலும் குதத் துடுப்பிலும் கடைசிக் கதிர் அடிவரை பிளந்து இரண்டாகத் தெரியும். அதை ஒன்றாகவே எண்ண வேண்டும். இரண்டாக எண்ணியவரின் மீன் 9 கதிர் சிற்றினத்திலிருந்து 10 கதிர் சிற்றினத்துக்குத் தாவிவிடும். மீனுக்கு அடியிலிருந்து ஒளி விட்டு எண்ணினால் பிளவு அடியில் சேர்வது தெரியும். மார்புத் துடுப்பில் கீழ்க்கோடியிலுள்ள குட்டிக் கதிரை ஊசியால் பிரித்துப் பாருங்கள். இரு பக்கமும் எண்ணுங்கள்.

செதில் வரிசையைச் செவுள் திறப்பின் மேல்முனையிலிருந்து வால் மடிப்புக்கோடு வரை எண்ணுங்கள். வால் துடுப்பின்மேல் ஏறிய செதில் சேராது. குறுக்குச் செதிலை எண்ணும் திசையையும் எழுத வேண்டும்: இரண்டாம் முதுகுத் துடுப்பின் தொடக்கத்திலிருந்து கீழ்நோக்கிப் பின்சாய்வாக வந்தால் ஒரு எண், முன்சாய்வாகப் போனால் வேறு எண் வரலாம். செதில் உதிர்ந்த இடத்தில் அது பொருந்தியிருந்த குழிகளை எண்ணலாம். பிடரி, செவுள் மூடி, மார்புத் துடுப்பின் அடி, வயிறு ஆகியவற்றில் செதில் உண்டா, விளிம்பு வழவழப்பா, பல் போன்றதா என்று தனித்தனியே குறியுங்கள். குஞ்சு மீனில் பிடரிச் செதில் முழுதாக முளைத்திருக்காது. “பிடரி வெறுமை” என்று புதுச் சிற்றினம் அறிவிக்கும் முன், அந்த மீன் முதிர்ந்ததா என்று பாருங்கள். மலத்துளைக்குப் பின்னுள்ள காம்பு ஆணுக்கு நீண்டு கூர்மையாகவும், பெண்ணுக்குக் குட்டையாக உருண்டும் இருக்கும். பல சிற்றினங்களில் ஆணுக்கு மட்டும் முதல் முதுகுத் துடுப்பின் முள் இழைபோல் நீளும். ஆண் ஒரு சிற்றினம், பெண் வேறு சிற்றினம் என்று பிரித்துவிடாதீர்கள்.

நாக்கையும் விடாதீர்கள். வாயை ஊசியால் திறந்து முனையைப் பாருங்கள்: உருண்டையா, நேராக வெட்டியதுபோலா, பிளந்ததா? குளோஸோகோபியஸுக்கு நாக்கு தெளிவாக இரண்டாகப் பிளந்திருக்கும். தூண்டில் வளைவுப் பாறைகளில் கிடைக்கும் பாத்திகோபியஸுக்கு மார்புத் துடுப்பின் மேல் கதிர்கள் சவ்விலிருந்து விடுபட்டுப் பட்டு நூல்போல் பிரிந்து நிற்கும். அதைக் கண்டதும் பேரினம் பெரும்பாலும் முடிவாகிவிடும். ஆனால் பாறைக்குட்டையில் கிடைத்ததற்கெல்லாம் பாத்திகோபியஸ் ஃபஸ்கஸ் என்று பெயரிடும் அவசரத்துக்கு இடம் கொடுக்கக் கூடாது.

தலையில் எழுதியிருப்பது

உளுவையின் உடலில் பக்கக்கோடு இல்லாத குறையைத் தலை ஈடுசெய்கிறது. கண்ணைச் சுற்றியும் கண்ணுக்குப் பின்னும் தோலுக்கடியில் புலன்குழல்கள் ஓடுகின்றன. அவை சிறு துளைகளாக வெளியே திறக்கின்றன. கன்னத்திலும் தாடையிலும் செவுள் மூடியிலும் நீரசைவை உணரும் புலன்மொட்டுகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. இந்த வரிசைகளை முறையாக வரைந்து எழுத்துக் குறியிட்டவர் இத்தாலியின் லூயிஜி சான்ஸோ, 1911இல். இன்றும் அதன் வழிவந்த குறியீடுகளையே பயன்படுத்துகிறார்கள். ஜப்பானின் முன்னாள் பேரரசர் அகிஹிதோவும் உளுவை வகைப்பாட்டாளர்தான். இந்தப் புலன் வரிசைகளை வைத்து நுணுக்கமாக வேலை செய்தவர்.

நிறம் போன, செதில் உதிர்ந்த பழைய மீனிலும் இவை மிஞ்சும். வால் பிய்ந்த ஹோலோடைப்பின் கன்னத்திலும் வரிசை அப்படியே இருக்கும். பழைய மாதிரியோடு புதியதை ஒப்பிட இதைவிட நம்பகமான பகுதி கிடையாது. ஆகவே நேரத்தை இங்கே செலவழியுங்கள்.

ஆல்கஹாலிலிருந்து எடுத்த மீனை ஈரத்தோடு நுண்ணோக்கியின் கீழ் வைத்து, ரப்பர் குமிழால் மெதுவாக ஒரு முறை ஊதுங்கள். தோலின் மேல்ஈரம் விலகும் அந்தச் சில விநாடிகளில், துளைகளில் மட்டும் திரவம் தங்கிக் கரும்புள்ளியாகத் தெரியும்; மொட்டுகள் மணல் துகள்போல் எழும்பி நிற்கும். உலர்ந்ததும் எல்லாம் மறைந்துவிடும். உடனே நனைத்து மறுபடி ஊதுங்கள். அதிகம் ஊதினால் தோல் சுருங்கும்.

சயனின் ப்ளூ கிடைத்தால் அதன் நீர்த்த கரைசலில் சில விநாடி முக்கி எடுங்கள். கிடைக்காவிட்டால் கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் மருந்தாக விற்கும் மெத்திலீன் ப்ளூவும் தற்காலிகச் சாயமாக உதவும். பள்ளங்களில் நீலம் ஏறும். செதில் விளிம்பும் துடுப்புக் கதிரும்கூட எடுப்பாகத் தெரியும். ஆல்கஹாலில் அலசினால் சாயம் பெருமளவு போய்விடும். ஹோலோடைப்பில் சாயத்தைத் தவிர்த்து, அதை மற்ற மீன்களில் செய்யுங்கள்.

கன்னத்தில் முதலில் பார்க்க வேண்டியது அமைப்பு. கண்ணுக்குக் கீழே மொட்டு வரிசைகள் செங்குத்தாக இறங்கினால் குறுக்கமைப்பு. வாயிலிருந்து செவுள் நோக்கிக் கிடையாக ஓடினால் நெடுக்கமைப்பு. பேரினம் பிரிவது இங்கே. அடுத்து ஒவ்வொரு வரிசையும் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, இடையில் உடைகிறதா, ஒற்றையா இரட்டையா என்று படமாக வரையுங்கள். துளைகளில் கண்களுக்கு நடுவே உள்ளது ஒன்றா இரண்டா, செவுள் மூடியின் முன்விளிம்பில் இரண்டா மூன்றா, பின்குழல் முன்குழலோடு சேர்கிறதா தனியே நிற்கிறதா என்பவை முக்கியம். இரு பக்கமும் பாருங்கள். ஒரு மீனில் ஒரு பக்கம் மட்டும் துளை குறைவது சாதாரணம். பத்து மீனில் எட்டு மீன் ஒத்துப்போனால்தான் அது அடையாளம். படத்தைப் பழகிய பிறகு வரைந்தால் கை தானாகவே எதிர்பார்ப்பதை வரைந்துவிடும். ஒவ்வொரு மீனுக்கும் வெற்றுத்தாளில் புதிதாகத் தொடங்குங்கள்.

எலும்புக்கு எக்ஸ்ரே. சின்ன மீனுக்கு மார்பகப் பரிசோதனைக் கருவியின் குறைந்த ஆற்றல் கதிர் தெளிவான படம் தரும். முதுகெலும்புகளை எண்ணுங்கள், 10 கூட்டல் 16, ஆக 26 என்பது பல உளுவைகளுக்குப் பொது. முதல் முதுகுத் துடுப்பின் தாங்கெலும்புகள் முதுகெலும்பு முட்களுக்கிடையே எப்படிச் செருகியிருக்கின்றன என்பதை 3-22110 போன்ற எண்கோவையாக எழுதுவார்கள். மூன்றாவது இடைவெளியில் தொடங்கி, அடுத்தடுத்த இடைவெளிகளில் இரண்டு, இரண்டு, ஒன்று, ஒன்று, பூஜ்யம் என்று பொருள். இந்த முறையை 1988இல் பேர்ட்சாங், மர்டி, பெசோல்ட் மூவரும் உளுவைகளுக்குப் பரவலாக்கினார்கள்.

பழைய பெயர்களைத் துரத்துவது

சென்னைக் கரைக்கு இது தனிச் சுமை. மதராஸ் ராணுவ மருத்துவராக இருந்த ஃபிரான்சிஸ் டே இங்கிருந்தே பல மீன்களை விவரித்தார்; 1868இல் கோபியஸ் மதராஸ்படென்சிஸ் என்று ஓர் உளுவைக்கே பெயர் வைத்தார். அவருக்கு முன்பே 1822இல் ஹாமில்டன், 1837இல் வலென்சியென் இந்திய உளுவைகளுக்குப் பெயரிட்டிருக்கிறார்கள். அந்தக் கால விவரணைகள் சில வரிகளே. புலன்மொட்டு பற்றி ஒரு சொல்கூட இருக்காது. ஆகவே மூல மாதிரியையோ அதன் படத்தையோ பார்த்தே ஆக வேண்டும். டேயின் சேகரிப்பு கொல்கத்தா, லண்டன், சிட்னி எனச் சிதறிக் கிடக்கிறது. 1883இல் ஒரு பெரும்பகுதியை சிட்னியிலுள்ள ஆஸ்திரேலிய அருங்காட்சியகம் வாங்கியது. அருங்காட்சியகக் காப்பாளருக்கு எழுதும்போது “படம் அனுப்புங்கள்” என்று பொதுவாகக் கேட்காமல், எந்தப் பகுதி, எந்தக் கோணம், எந்தத் துளை என்று குறிப்பிட்டுக் கேளுங்கள்.

கலிஃபோர்னியா அறிவியல் கழகம் இணையத்தில் நடத்தும் எஷ்மெயர் மீன் பட்டியலில் உங்கள் பேரினத்தின் எல்லாப் பெயர்களையும் எடுங்கள். இன்று செல்லுபடியாகாத பெயர்களையும் சேர்த்தே எடுக்க வேண்டும். வேறொன்றோடு இணைத்து மறந்த பெயருக்கு உரிய மீன் உங்கள் கையில் இருக்கலாம். அப்போது புதுப்பெயர் தேவையில்லை, பழையதை மீட்டெடுப்பதுதான் கட்டுரை. ஒரு அட்டவணை போட்டு, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே உங்கள் மீன் எந்த எண்ணிக்கையில், எந்த வரிசையில் வேறுபடுகிறது என்று நிரப்புங்கள். நிறத்தால் மட்டுமே நிரம்பும் கட்டம் இருந்தால் அந்தப் பெயர் இன்னும் விலகவில்லை.

டி.என்.ஏ இதற்குத் துணை. மைட்டோகாண்ட்ரியாவின் சி.ஓ.ஐ மரபணுவில் சுமார் 650 எழுத்துகளைப் படித்து ஒப்பிடுவது வழக்கம். பொது டி.என்.ஏ தரவுத்தளமான ஜென்பேங்கில் உளுவைப் பெயர்கள் பல தவறாகப் பதிவாகியுள்ளதால், மாதிரி மீன் எங்கே இருக்கிறது என்று சொல்லாத வரிசையை நம்பி முடிவெடுக்காதீர்கள். “இரண்டு சதவீதம் விலகினால் புதுச் சிற்றினம்” என்பது எந்த விதியிலும் இல்லை.

எழுதும்போது

விலங்குப் பெயரிடல் விதித்தொகுப்பின் நான்காம் பதிப்பு 2000 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளது. அதன்படி புதுச் சிற்றினம் என்று வெளிப்படையாக எழுத வேண்டும். வேறுபடுத்தும் பண்புகளைச் சொற்களில் தர வேண்டும். படம் மட்டும் போதாது. ஒரே ஒரு மீனை ஹோலோடைப் என்று குறித்து, அது எந்த நிறுவனத்தில் இருக்கிறது என்றும் சொல்ல வேண்டும். மின்னிதழில் மட்டும் வெளிவந்தால், வெளியீட்டுக்கு முன்பே விலங்குப் பெயர்களுக்கான இணையப் பதிவேடான ஸூபேங்கில் பதிந்து, அந்தப் பதிவின் சான்றும் வெளியீட்டுத் தேதியும் கட்டுரைக்குள்ளேயே இருக்க வேண்டும். இதில் ஒன்று தவறினாலும் பெயர் செல்லாது. அடுத்தவர் சரியாக வெளியிட்டால் பெயர் அவருடையது.

ஹோலோடைப்பாக முழுதாக முதிர்ந்த, துடுப்பு கிழியாத, திசு எடுத்த, உயிர்நிறப் படம் உள்ள மீனைத் தேர்ந்தெடுங்கள். ஹோலோடைப்போடு சேர்த்துக் குறிக்கும் துணை மாதிரிகளான பாராடைப்புகளில் இரு பாலும், சிறிதும் பெரிதும் இருக்கட்டும். எண்ணிக்கைகளை வீச்சாகத் தரும்போது ஒவ்வொரு எண்ணும் எத்தனை மீனில் வந்தது என்றும், ஹோலோடைப்பின் எண் எது என்றும் காட்டுங்கள். “8–10” என்று மட்டும் எழுதினால், பத்தில் ஒன்பது மீன் 9 என்ற செய்தி தொலைந்துவிடும்.

வேறுபாட்டுப் பத்தியைக் குட்டையாக எழுதுங்கள். மிக நெருங்கிய உறவினரிலிருந்து தொடங்குங்கள். பெயர் ஆணைக் குறித்தால் -ஐ, பெண்ணைக் குறித்தால் -ஏ, ஊரைக் குறித்தால் பெரும்பாலும் -என்சிஸ் என்று முடியும். பெயரடையாக இருந்தால் பேரினத்தின் பாலோடு ஒத்துப்போக வேண்டும். கோபியஸ் என்று முடியும் பேரினங்கள் ஆண்பால். அதே பேரினத்தில் அதே சிறப்புப்பெயர் ஏற்கெனவே இருக்கிறதா என்றும் பாருங்கள்.

மாதிரிகளை ஒப்படைப்பதும் காப்பதும்

2002ஆம் ஆண்டின் உயிரியல் பன்மயச் சட்டம், 39ஆம் பிரிவின்படி, புதிதாகக் கண்டறிந்த உயிரினத்தைக் குறித்து அங்கீகரிக்கப்பட்ட காப்பகத்துக்குத் தெரிவித்து, சான்று மாதிரியையும் அங்கே ஒப்படைக்க வேண்டும். விலங்குகளுக்கு இந்திய விலங்கியல் ஆய்வகம் அத்தகைய காப்பகம். அதன் கடல் உயிரியல் மண்டல மையம் சென்னையிலேயே, சாந்தோமில் இருக்கிறது. ஒப்படைப்புக்கான பதிவெண் கிடைத்த பிறகே கட்டுரையை அனுப்புங்கள். பாராடைப்புகளை இரண்டு நிறுவனங்களுக்குப் பிரித்துக் கொடுத்தால், ஒன்றில் சேதம் வந்தாலும் மற்றது மிஞ்சும். திசுவையோ மாதிரியையோ வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டியிருந்தால், தரமணியில் உள்ள தேசிய உயிரியல் பன்மய ஆணையத்தின் நடைமுறைகளை முன்கூட்டியே கேட்டறியுங்கள்.

ஆய்வகத்தில் மிச்சமிருக்கும் மீன்களைக் கத்திரி வெயிலுக்கு முன் ஒருமுறை திறந்து பாருங்கள். சென்னைச் சூட்டில் மூடி தளர்ந்த குப்பியில் ஆல்கஹால் தண்ணீரைவிட வேகமாக ஆவியாகும். அளவு குறைந்த குப்பியில் மிஞ்சியது 70 சதவீதமாக இருக்காது. அதன் மேலேயே 70 சதவீத எத்தனாலை நிரப்பினால் வீரியம் குறைவாகவே நிற்கும். பழையதை முழுதாகக் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றி, மூடியின் உள்வளையத்தையும் மாற்றிவிடுங்கள்.